முள் காட்டாத வெப்பம்

பெரும்பாலான கார்களின் டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட்டின் வெப்பத்தையே காட்டுகிறது. எஞ்சின் ஆயிலின் வெப்பத்தை அன்று. கூலண்ட்டின் வெப்பத்தைக்கூட அது உள்ளபடி காட்டுவதில்லை. சிறிய ஏற்ற இறக்கங்களைக் கண்டு ஓட்டுநர் கலவரமடையக் கூடாது என்பதற்காக, ஒரு பரந்த எல்லைக்குள் வெப்பம் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்துவிடுகின்றன. அலுவலகம் போய் வருகிறவருக்கு இதனால் நட்டமில்லை. ஆனால் கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத் இன்டர்நேஷனல் சர்க்யூட் போன்ற ஒரு தடத்தில், 5.125 கிலோமீட்டர்ச் சுற்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நேர்பாதையை ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி கடக்கும்போது, நடுவில் நிற்கும் அந்த முள் ஆறுதல் தருகிறதே தவிர, செய்தி எதுவும் தருவதில்லை.

டெல்லியில் பாய்ம இயக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி, பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி, பொதுமக்கள் தங்கள் கார்களை ஓட்ட அனுமதிக்கும் நாட்களில் அதை அந்தத் தடத்திற்குக் கொண்டு செல்வாள். ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில், ஸ்டியரிங்கின் கீழுள்ள சோதனைத் துளையில் ஒரு சிறு கருவியைச் செருகி, ஆயிலின் வெப்பத்தைக் கைபேசியில் பதிவு செய்தாள். மூன்றாம் சுற்றின் முடிவில் 121 பாகை, ஐந்தாம் சுற்றில் 138, ஆறாவதில் 144. ஏறுமுகம் எங்கும் தணியவில்லை. டாஷ்போர்டின் முள் அவ்வளவு நேரமும் அசையவே இல்லை. அவள் வேகத்தைக் குறைத்து, ஒரு சுற்று மெதுவாக ஓட்டி எஞ்சினை ஆறவிட்டு, பிட்டுக்குத் திரும்பினாள்.

இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஒரு டர்போ எஞ்சினைப் பிரித்து கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்து மீண்டும் பூட்டுவதற்கு அத்தகைய மாதங்கள் பல வேண்டும். காரின் வழக்கமான காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாகவே விலக்கிவிடுவதால், அந்தச் செலவை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆயில் சூடானால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கு விடை தேட 1883க்குப் போக வேண்டும். பிரிட்டனில் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பேரிங்குகளில் சோதனை நடத்திக்கொண்டிருந்த பியூசாம்ப் டவர், எண்ணெய் ஊற்றுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் அத்துளை வழியே மேலேறி வழிந்தது. கார்க்கால் அடைத்தார், அது வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. இறுதியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின் மீதிருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டாக இருக்க, மானியோ 200ஐத் தாண்டியது. தண்டு உலோகத்தின் மீது உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணெயின் மீது மிதந்துகொண்டிருந்தது. அந்தப் படலம் ஏன் சுமையைத் தாங்குகிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதமாக எழுதினார். வெப்பம் ஏறும்போது ஆலிவ் எண்ணெயின் பாகுநிலை எப்படிச் சரிகிறது என்பதற்கும் அதே கட்டுரையில் ஒரு சமன்பாடு தந்தார். வெப்பம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த சிக்கல் அன்று. உயவுக் கோட்பாடு பிறந்த நாளிலேயே அதுவும் உடனிருந்தது.

இன்றைய எஞ்சினிலும் கதை அதுவே. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் இடையே இருப்பது தலைமுடியின் பருமனை எட்டாத இடைவெளி. அதை நிரப்பும் 30 தர ஆயில், 100 பாகையில் கொண்டிருக்கும் பாகுநிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே 150 பாகையில் கொண்டிருக்கிறது. படலம் அந்த அளவுக்கு மெலிகிறது. ஆயில் அழுத்தமும் அதனோடு இறங்குகிறது. நல்ல சிந்தெடிக் ஆயில் 144 பாகையில் உடனே எரிந்துபோவதில்லை என்பது மெய். ஆயினும் அங்கே அது ஒவ்வொரு சுற்றிலும் முதுமை அடைகிறது. தவறு நேர்ந்தால் ஈடுகட்டுவதற்கு மிச்சமாக எதையும் வைத்திருப்பதில்லை.

ஆயில் கூலர் என்பது இதற்கான எளிய மருந்து. ரேடியேட்டரைப் போன்ற ஒரு சிறு அலுமினியப் பெட்டி. உள்ளே ஆயில், வெளியே காற்று. கல்லூரி வாசலில் நிற்கும் பல்சர் 220இன் முன்புறத்திலும், ராயல் என்ஃபீல்டின் 650 சிசி வண்டிகளிலும் அதைக் காணலாம். நிமிடத்திற்கு 20 லிட்டர் ஆயில் அதன் வழியே ஓடி 10 பாகை குளிர்ந்து வெளியேறினால், அது காற்றில் கொட்டும் வெப்பம் ஏறத்தாழ 6 கிலோவாட். குளியலறைக் கீசர்கள் மூன்று ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம்.

மாணவி தன் கைபேசிப் பதிவோடு போய் நின்றது, பழைய டெல்லியில் நாற்பதாண்டுகளாக எஞ்சின் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம். அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் உஸ்தாத். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "பேட்டா, கம்பெனி இந்த எஞ்சினில் ஆயில் வெளியே வர வழியே வைக்கவில்லை. நீ இப்போது எட்டு இடத்தில் வழி வைக்கச் சொல்கிறாய்."

அந்தக் கணக்கு துல்லியமானது. ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு தட்டு நுழைக்கப்படும். அதற்கு இரு முகங்கள், இரண்டு குழாய்கள், அவற்றின் நான்கு முனைகள், கூலரின் இரண்டு வாய்கள். எட்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாலும் அழுத்தத்தோடு வெளியேறும் ஆயில் ஒரு நிமிடத்துக்குள் எஞ்சினைக் காலியாக்கிவிடும். தடத்தில் அது கொட்டினால், பின்னால் வருகிறவர் பிரேக் மிதிக்கும் இடத்தில் கொட்டும். கூலரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தம் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். பின்னால் வருகிறவர் நினைவுக்கு வருவது அரிது. உஸ்தாத்துக்கு அவர்தான் முதலில் நினைவுக்கு வந்தார்.

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, உஸ்தாத்ஜி?"

"வேண்டாம் என்று சொல்லவில்லை. 144 என்பது கெட்ட எண். செய்தால் ஒருமுறை செய்வோம், ஒழுங்காகச் செய்வோம் என்கிறேன்."

கூலர் தீர்க்காத ஒரு நோயும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். புத் தடத்தின் பத்தாம், பதினோராம் திருப்பங்கள் சேர்ந்து ஒரு நீண்ட வலப்புற வளைவாகின்றன. அத்தகைய வளைவில் ஆயில் சேம்பரிலுள்ள எண்ணெய் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, பம்ப்பின் உறிஞ்சுவாய் சில விநாடிகள் காற்றைக் குடிக்கக்கூடும். அந்தச் சில விநாடிகளில் ஆயில் எத்தனை பாகையில் இருந்தது என்பது ஒரு பொருட்டே அன்று. அதற்கான மருந்து சேம்பருக்குள் தடுப்புத் தகடு வைப்பதும் அளவை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் வைத்திருப்பதுமே. விலையுயர்ந்த கூலரைப் பூட்டிய பின்னும் பேரிங் உருகிப்போன எஞ்சின்களைக் கேட்டால் பாதிக் கதை இங்கே இருக்கும்.

அடுத்த கேள்வி கூலரின் அளவு. விற்பனையாளர்களின் அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. ஒரு கூலர் வெளியேற்றும் வெப்பம், ஆயிலுக்கும் காற்றுக்குமான வெப்ப வேறுபாட்டோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் மாறுகிறது. ஆயில் 130 பாகை, காற்று 15 பாகை என்றால் வேறுபாடு 115. டெல்லியின் 45 பாகை மே மாதத்தில் அது 85. அதே கூலர், அதே வேகம். பணியில் மட்டும் கால்பங்குக்கு மேல் குறைவு. இந்த ஊரின் வெப்பம் மனிதரையும் விடுவதில்லை: 2023 செப்டம்பரில் இதே தடத்தில் நடந்த மோட்டோஜிபி பந்தயம், ஓட்டுநர்களின் நலன் கருதி 24 சுற்றுகளிலிருந்து 21ஆகக் குறைக்கப்பட்டது.

அப்படியென்றால் அகப்பட்டதிலேயே பெரிய கூலரை வாங்கிவிடலாமே? அங்கே டெல்லியின் மறுமுகம் குறுக்கிடுகிறது. அந்தக் கார் தடத்தில் ஓடுவது ஆண்டுக்குச் சில நாட்கள். மற்ற நாட்களில் விடுதியிலிருந்து ஆய்வகத்துக்கு எட்டு கிலோமீட்டர். ஜனவரியின் மூடுபனியில் 6, 7 பாகைக் காற்று அந்தப் பெரிய பெட்டியில் மோதினால் ஆயில் சூடேறவே ஏறாது. போதிய வெப்பத்தைத் தொடாத ஆயிலில் எரிதலின் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். எனவே தெர்மோஸ்டாட் உள்ள தட்டு. ஆயில் 80 பாகையைத் தொடும்வரை பெரும்பகுதியை அது கூலருக்குள் விடாது. சாதாரணத் தட்டைவிட அதன் விலை கணிசமாக அதிகம். ஆனால் பணத்தை மிச்சம்பிடிக்கக் கூடாத இடம் இந்த முழு வேலையிலும் ஒன்று உண்டென்றால் அது இதுவே. கூலர் நடுத்தர அளவில் தேர்வாயிற்று.

காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் தட்டை வாங்கும்போது உஸ்தாத் ஒரு சோதனை செய்தார். ஃபில்டர் பூட்டும் திருகுகளில் பரவலாக இருப்பவை இரண்டு: ஒன்று 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் புரியிடைவெளி. மற்றது முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 புரி. மில்லிமீட்டரில் பார்த்தால் இரண்டாவது 19.05. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாற்றிப் பூட்டினால் சில சுற்று ஏறவும் செய்யும், லேசாக ஆடும், இறுக்கினால் நின்றுவிட்டது போலவும் தோன்றும். காரின் பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய், தட்டின் திருகில் விரலால் சுழற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகே அவர் பணம் கொடுக்கச் சொன்னார்.

இடத்தைப் பற்றித்தான் வாக்குவாதம். ரேடியேட்டருக்கு நேர்முன்னால் வைக்க வேண்டும் என்றாள் மாணவி. காற்று அங்கேதான் நேராக வருகிறது. உஸ்தாத் மறுத்தார். அங்கே ஏற்கெனவே ஏசியின் கண்டென்சர் நிற்கிறது, அதன் பின்னால் ரேடியேட்டர். மூன்றாவதாக ஒன்றை முன்னால் நிறுத்தினால், 120 பாகை ஆயில் சுட்ட காற்றைத்தான் மற்ற இரண்டும் வாங்கும். "மே மாதம் ஏசி வேலை செய்யாவிட்டால் என்னைத்தான் திட்டுவாய், பேட்டா."

பம்பரின் இடப்பக்கக் கீழ்த்திறப்பின் பின்னால் இடம் கண்டார்கள். மாணவியின் படிப்பு பயன்பட்டது அங்கேதான். காற்றுக்கு எளிய வழி இருக்கும்வரை அது கூலரின் நெருக்கமான இதழ்களுக்குள் நுழையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே திறப்பிலிருந்து கூலரின் முகம்வரை அலுமினியத் தகட்டால் ஒரு கூண்டு அடித்து, ஓரங்களை ஸ்பாஞ்சால் அடைத்தார்கள். உள்ளே நுழைந்த காற்று வெளியேறவும் வேண்டும்; சக்கரத்தின் உட்புறப் பிளாஸ்டிக் மறைப்பில் அதற்காகத் துளைகள் வெட்டினார்கள். கூலரை அதன் வாய்கள் மேல்நோக்கி இருக்குமாறு ரப்பர் புஷ்களில் நிறுத்தினார்கள். அப்போதுதான் உள்ளே காற்று சிறைப்படாது, எஞ்சினின் அதிர்வும் பற்றவைத்த மூட்டுகளைப் பிளக்காது. எஃகு வலை பின்னிய குழாய்கள் அழகானவைதாம். ஆனால் உராயும் எதையும் அரம்போல அறுத்துவிடும். உரசக்கூடிய இடங்களில் எல்லாம் உஸ்தாத் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினார்.

கூலரைக் கையாலேயே ஆயில் ஊற்றி நிரப்பினார்கள். பின்னர் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் பற்றாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுழற்றி, ஆயில் அழுத்த விளக்கு அணைந்த பிறகே ஃபியூஸை மீண்டும் செருகினார்கள். ஒரு சூடான ஓட்டத்துக்குப் பின், தெர்மோஸ்டாட் திறந்து கூலரும் முழுதாக நிறைந்ததும், டிப்ஸ்டிக்கைப் பார்த்து மேலும் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. அன்றிரவு காரின் அடியில் விரித்த செய்தித்தாளில் காலையில் ஒரு கறை இருந்தது. உஸ்தாத் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். ஏசியின் தண்ணீர்.

செப்டம்பர் இறுதியில், காற்று 34 பாகையாக இருந்த ஒரு நாளில், ஆயில் ஐந்தாம் சுற்றில் 119ஐத் தொட்டது. எட்டாம் சுற்றிலும் 122ஐத் தாண்டவில்லை. ஏப்ரலைவிடக் காற்று குளிர்ந்திருந்தது என்பதை மாணவி கணக்கில் கொண்டாள். ஆயினும் அன்று ஏறிக்கொண்டே போன கோடு இன்று படுத்துவிட்டது. கூலண்ட்டில் மாற்றம் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் உஸ்தாத் எட்டு இணைப்புகளையும் மீண்டும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் சற்றே நகர்ந்தது.

அந்த நீண்ட வலப்புற வளைவு இன்னும் பாக்கியிருக்கிறது. தடுப்புத் தகடு வைக்க ஆயில் சேம்பரை இறக்க வேண்டும். அதற்கு உதவித்தொகை வந்தாக வேண்டும். உஸ்தாத் தகட்டின் விலையை ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறார்.