மரியாதை யாருக்கு?

நயமாக நடந்துகொள்வது மேட்டுக்குடிப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் ஓரளவு அப்படித்தான். 1530-இல் அறிஞர் எராஸ்மஸ் எழுதிய சிறுவர் ஒழுக்க நூல், பிரபு வீட்டுப் பையன் ஒருவனுக்குக் காணிக்கையானது. மூக்கை எப்படிச் சிந்துவது என்பது வரை அதில் உண்டு.

நம் ஊரில் அந்த நயம் தெருவிலேயே இருந்தது. வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை. தலைச்சுமையை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். கோடையில் தண்ணீர்ப் பந்தல். முகம் தெரியாதவரின் களைப்பை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதுதான் மரியாதையின் வேர். விருந்தோம்பலை 9-ஆவது அதிகாரமாகவும் இனியவை கூறலை 10-ஆவதாகவும் குறள் அடுத்தடுத்து வைத்திருப்பது எனக்குப் பிடித்த வரிசை.

ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்கார முடிந்ததில்லை. சாதியின் பெயரால் நரைத்த தலைகளைச் சின்னப் பையன்கள் 'வாடா, போடா' என்று கூப்பிட்டதும் அதே தெருவில்தான். ஆள் பார்த்து அளந்து கொடுப்பது மரியாதையே அல்ல.

மேலதிகாரியிடம் எல்லாருமே பணிவாகத்தான் பேசுகிறோம். வாசலில் நிற்கும் காவலாளியிடமும், சாப்பாடு கொண்டுவரும் தம்பியிடமும், குப்பை வாங்க வரும் அக்காவிடமும் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் நம் பண்பு. அவர்களையும் 'நீங்க, வாங்க' என்றே அழையுங்கள். வீட்டுப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.