பதில் சொல்லாத மிஸ்

வியாழக்கிழமை வந்தால் அந்த ஆறாம் வகுப்புக்குச் சுவர்கள் கிடையாது. சிட்னி நகரின் ஓரத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பள்ளி அது. மைதானத்தைத் தாண்டினால் புதர்க்காடு. அந்த ஊர்க்காரர்கள் 'புஷ்' என்கிறார்கள். ஊட்டியில் நாம் பார்க்கும் தைல மரத்துக்கு ஆஸ்திரேலியாதான் தாய்வீடு.

தொப்பி, ஷூ, தண்ணீர் பாட்டில் கட்டாயம். பாம்பைப் பார்த்தால் ஓடக் கூடாது. அசையாமல் நின்று, மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். மரத்தடியில் ஒரு சின்ன ஜெபம். அப்புறம் பாடம்.

அன்றைக்குப் பாங்க்சியா மரம். 1770-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பாங்க்ஸின் பெயர் அதற்கு. டீச்சர் ஒரு கிளையைத் தாழ்த்திக் காயைக் காட்டினார். கட்டை மாதிரி இறுகியிருந்தது.

"இதுக்குள்ளே விதை இருக்கு. இதுல சில வகை, வருஷக்கணக்கா மூடியே இருக்கும். காட்டுத்தீயோட சூடு பட்டாத்தான் திறக்கும். விதை சாம்பல்ல விழுந்து முளைக்கும்."

எல்லோரும் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும் தொடவில்லை.

"எங்க தாத்தா வீடும் தீயிலதான் எரிஞ்சுது மிஸ். அது முளைக்கலையே?"

2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவில் மாதக்கணக்கில் எரிந்த தீ, 3,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. தாத்தாவின் வீடு அதில் ஒன்று.

"கடவுள்தானே காட்டைப் படைச்சார்? அப்புறம் ஏன் எரிய விட்டார்?"

டீச்சரின் கையிலேயே உவமை இருந்தது. நினைத்திருந்தால் அந்தக் காயை வைத்து ஒரு பிரசங்கமே செய்திருக்கலாம். அவர் கிளையை விட்டுவிட்டு, பையனுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலப்பா. தாத்தா வீட்ல என்னவெல்லாம் இருந்துச்சு, சொல்றியா?"

திண்ணையில் கிடந்த நாற்காலி, பாட்டியின் பியானோ, நாய்க்குட்டியின் தட்டு... அவன் சொல்லச் சொல்ல, வகுப்பே அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாங்க்சியா பாடம் அன்றைக்குப் பாதியிலேயே நின்றது.

அடுத்த வியாழக்கிழமை, தொப்பியோடு வரிசையில் முதல் ஆளாக நின்றவன் அவன்தான். நேராக அந்த மரத்தடிக்குப் போய்க் காயைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னும் மூடித்தான் இருக்கு மிஸ்."

"இருக்கட்டும்ப்பா" என்றார் அவர்.