ஓதம்

அம்மாவுக்கு இளைப்பு வந்தது 2023 கார்த்திகையில். மண்ணச்சநல்லூரில் மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இரவு பதினோரு மணிக்கு பெங்களூரில் இருந்த எனக்கு ஃபோன் செய்து, "ஒண்ணுமில்லடா, படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தா சரியாயிடுது" என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

நெபுலைசர் வைத்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுச் சுவத்துல பூஞ்சணம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. அம்மா படுக்கிற அறையில், வடக்குச் சுவரை ஒட்டி நின்ற பீரோவை இழுத்துப் பார்த்தேன். பீரோவின் அகலத்துக்கு அளவெடுத்த மாதிரி கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. உள்ளே கீழ்த்தட்டில் அப்பாவின் வேட்டிகள். அவர் 2018-இல் போனதிலிருந்து அம்மா அவற்றை வருடத்துக்கு ஒரு தடவை துவைத்து மடித்து வைப்பாள். மடிப்பு மடிப்பாகச் சாம்பல் புள்ளி விழுந்திருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஜன்னலத் தொறக்கவே மாட்டேங்கற. ஈரத் துணிய வேற உள்ளயே காயப் போடற. அப்பறம் பூஞ்ச புடிக்காம என்ன பண்ணும்?" அம்மா பதில் பேசவில்லை. புள்ளி விழுந்த வேட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தாள்.

என் தொழில் மென்பொருள். எதிலும் லாக் எடுத்துப் பார்க்கிற பழக்கம். சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் மாட்டினேன். இரவில் 25 டிகிரி, 70 சதவீதம். அப்படியொன்றும் மோசமில்லையே என்றுதான் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டேன். அதே காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொடும்போது, சுவரை ஒட்டிய இடத்தில் ஈரப்பதம் கிட்டத்தட்ட 84 சதவீதமாகிவிடுகிறது. 80-ஐத் தாண்டிச் சில நாள் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. பீரோவுக்குப் பின்னால் காற்றும் ஓடாது, வெயிலின் சூடும் எட்டாது. அறைக்குள்ளேயே ஒரு குளிர்ந்த பெட்டியை நாமே செய்து வைக்கிறோம்.

இதைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவாப் இஷாக்கைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை. 2020 டிசம்பரில் இறந்துபோனான். தொடர்ந்து பூஞ்சைக்கு ஆட்பட்டதால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை முடிவு வந்தது. அவனுடைய அப்பா பலமுறை புகார் சொல்லியிருக்கிறார். குடும்பம் வாழ்கிற விதம்தான் காரணம் என்று வீட்டைப் பராமரிக்க வேண்டியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். 2023-இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது.

லேப்டாப்பை மூடினேன். "ஜன்னலத் தொறக்க மாட்டேங்கற" என்று நான் சொன்னது வேறென்ன?

எழுந்து அந்தச் சுவரை மறுபடி பார்த்தேன். கூரைக்குக் கீழே, ஒரு சதுர அளவுக்கு மட்டும் பெயின்ட் நிறம் லேசாக மாறியிருந்தது. அங்கேதான் வெண்டிலேட்டர் இருந்தது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வந்தவன் நான். அந்த அறையில் ஏசி போட்டேன். குளிர் வெளியே போகாமல் இருக்க வெண்டிலேட்டரை செங்கல் வைத்து அடைத்தேன். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, வழவழவென்று எமல்ஷன் அடித்தேன். பீரோவைச் சுவரோடு தள்ளினதும் நான்தான், மேஜைக்கு இடம் வேண்டுமென்று. அப்போது அம்மா, "அந்த ஓட்டைய அடைக்காதடா, அப்பா காரணமாத்தான் விட்டிருப்பாரு" என்றது ஞாபகம் வந்தது.

அப்பா அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. எங்கள் ஊருக்குப் பேரே அரிசி ஆலைகளால்தான். ஈரத்தைப் பற்றி அவருக்குப் பட்டறிவு இருந்தது. ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார்; 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் மறுபடி களத்துக்கு. நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சணம் வைக்கும் என்பதை நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன். கிடங்கில் மூட்டைகளைத் தரையில் வைக்க விடமாட்டார், மரச்சட்டத்தின் மேல்தான். சுவரோடு ஒட்டியும் அடுக்கக் கூடாது. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு இடைவெளி வேண்டும். "காத்து சுத்தி வரணும்ப்பா" என்பார். அந்த இடைவெளிக்குள் ஓடி விளையாடி வளர்ந்தவன் நான்.

வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பதைப் பண்டிகைச் சடங்கு என்றே நினைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து, மார்கழிப் பனியில் ஊறிய சுவருக்கு அது வைத்தியம். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிழைக்காது. காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் குறைவதால் அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்து வெயிலில் விட்டுவிடும். எமல்ஷன் அதை உள்ளேயே பிடித்து வைத்துவிடும்.

கொத்தனாரைக் கூப்பிட்டு முதலில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் விரிசலை அடைத்தேன். ஓதம் வருகிற வழி திறந்திருந்தால் எதைப் பூசியும் பயனில்லை. வெண்டிலேட்டரைத் திறந்து வலை போட்டோம். அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். காய்ந்தபடியே தேய்த்தால் விதைத்தூள் வீடெல்லாம் பறக்கும். எமல்ஷனைச் சுரண்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு இரண்டு கை. பீரோவை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். மார்கழியில் விடிய விடிய ஜன்னலைத் திறந்து பனியை உள்ளே விடாமல், பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன்.

"அப்பவே ஏம்மா அழுத்திச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ வேலை பாக்கற ரூமாச்சேன்னு இருந்துட்டேன்."

வேட்டிகளில் ஐந்தை எரிக்க வேண்டியிருந்தது. போகிக்கு அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். தப்பித்த ஒன்றை வெயிலில் காயவைத்து மேல்தட்டில் வைத்தாள்.

இப்போது ராத்திரி ஃபோன் பேசும்போது எதையாவது விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால், "இன்னிக்கு அறுபத்திரண்டுடா" என்பாள். சரிம்மா என்பேன். கோபத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு ராத்திரியும் நினைக்கிறேன். அதற்குள் வைத்துவிடுகிறாள்.