எண்ணாது உரைத்த விடை

மயிலாடுதுறைக்கு அணித்தாயுள்ள எம் சிற்றூரில், குறுவைக்கு நாற்று விடுமுன் 100 நெல்மணிகளை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்ப்பது வழக்கம். சான்று பெற்ற விதைநெல் 100-க்கு 80 ஆயினும் முளைத்தல் வேண்டும் என்பது விதி. சென்ற ஆண்டு தந்தையார் அப்பணியை எம்மிடம் ஒப்புவித்தார். யாமோ நூலொன்றில் ஆழ்ந்திருந்தமையின், சாக்கை விரித்து மேலோட்டமாக நோக்கி, "நன்றாய் முளைத்துள்ளது, அப்பா" என்று கூறிவிட்டோம். நாற்றங்கால் திட்டுத்திட்டாய் எழுந்தது. குறைந்த நாற்றை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. தந்தையார் எம்மைக் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருந்தண்டமாயிற்று.

இவ்வாண்டு வேனில் விடுமுறையில், பௌதிகம் பயிலும் தமையனார் ஊர் வந்திருந்தார். சாக்கை முடிந்துகொண்டிருந்த எம்மை நோக்கி, "தம்பி, எங்கள் ஆய்வுக்கூடத்து வேலையும் இதுவே" என்றார். பின்னர் அவர் விளக்கியதன் சுருக்கம் வருமாறு:

தக்க ஒளி பட்டால் உலோகத்தினின்று எலெக்ட்ரான்கள் வெளிப்படும். இதனை 1887-இல் ஹெர்ட்ஸ் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் காரணம் காட்டினார். துகள் முடுக்கிகள் பலவற்றிற்கு எலெக்ட்ரான்களை ஈனும் நாற்றங்கால் இத்தகைய தகடே. அதன் பெயர் ஒளி எதிர்மின்வாய். படும் ஒளியின் ஆற்றலை அளந்து ஒளித்துகள்களின் தொகையைக் கணிப்பர். எதிரேயுள்ள நேர்மின்வாயில் திரளும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து எலெக்ட்ரான்களின் தொகையைக் காண்பர். பின்னதை முன்னதால் வகுப்பர். புறஊதாக் கதிர் படும் செம்பு ஏறத்தாழ 1,00,000-க்கு ஒன்றே ஈயும். சீசியம் டெல்லுரைடுப் பூச்சு புதிதாயிருக்கையில் 100-க்குப் பத்து வரையும் ஈயும். ஆயினும் வெற்றிடத்தில் எஞ்சிய வாயு சிறிது தீண்டினும் அதன் திறன் குன்றும். ஆதலின் அதனை மீண்டும் மீண்டும் அளத்தல் வேண்டும். புது தில்லியில், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தின் 'தில்லி ஒளிமூலம்' என்னும் திட்டத்திற்கு இவ்விரு பொருள்களும் கருதப்பட்டன. தொகை மட்டும் போதாது. எலெக்ட்ரான்கள் பக்கவாட்டிற் சிதறாது ஒருங்கு செல்கின்றனவா என்பதையும் நோக்குவர்.

இறுதியில் தமையனார் மில்லிகன் என்னும் அமெரிக்க அறிஞரைப் பற்றிக் கூறினார். அவர் ஐன்ஸ்டைனின் கொள்கையை நம்பாதவர். சோடியம் முதலிய உலோகங்களின் முகத்தை வெற்றிடத்துள்ளேயே கத்தியாற் சீவிச் சீவிப் பல்லாண்டு அளந்தார். விடை தம் கருத்துக்கு மாறாய் வந்தும், 1916-இல் அதனை உள்ளவாறே வெளியிட்டார். தாம் விரும்பாத விடையை அவர் எண்ணி உரைத்தார்; யாமோ விரும்பிய விடையை எண்ணாது உரைத்தோம்!

ஐந்தாம் நாள் சாக்கை விரித்து எண்ணினோம். 71. எப்படியேனும் 80 ஆகாதா என்று மறுமுறை எண்ணினோம், அப்பொழுதும் 71. அவ்வாறே தந்தையாரிடம் கூறினோம். அவர் ஒன்றும் பேசாது சற்று நின்று, வேறு விதை வாங்கப் புறப்பட்டார்.

எழுத்து எமக்குரியது, எண் தமையனார்க்குரியது என்று இதுகாறும் கருதியிருந்தோம். நாற்றங்கால் இம்முறை ஒருசீராய் எழுந்தது. அக்கருத்தும் எம்மை விட்டு அகன்றது.