தலைமடையில் ஒரு கடைமடை விவசாயி!

"அதெல்லாம் சின்னப் பசங்க போறது பாப்பா. நீ போய்ட்டு வா, நான் கரையில உட்கார்ந்திருக்கேன்."

அப்பா இப்படித்தான் சொன்னார். மகள் விடவில்லை.

அவளுக்கு பெங்களூரில் ஐ.டி வேலை. அப்பாவுக்குத் திருவாரூர் மாவட்டக் கடைமடையில் மூன்று ஏக்கர் நெல் வயல். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. 'நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடுங்கப்பா' என்று சொல்ல அவள் பல மாதங்களாக முயல்கிறாள். பேச்சை எடுத்தாலே அப்பா டி.வி சத்தத்தைக் கூட்டிவிடுவார். டி.வி இல்லாத இடமாகப் பார்த்துத்தான் செப்டம்பர் முதல் வாரத்தில் அவரைக் குடகுக்கு அழைத்து வந்தாள்.

குஷால்நகர் அருகே துபாரே. தலைக்காவிரியில் பிறந்த காவிரி, பாறைகளுக்கு இடையே கிளை பிரிந்து ஓடும் இடம். மழைக்காலத்தில் இங்கே ரப்பர் படகில் துடுப்புப் போட அழைத்துப் போவார்கள். இப்படி நுரைத்து ஓடும் ஆறுகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்றால் சலசலப்பு. ஆறு என்றால் கைதேர்ந்தவர்களுக்கே உயிர் ஆபத்து. அன்று தண்ணீர் அளவாகத்தான் ஓடியது. புதியவர்களும் பயமில்லாமல் போகலாம்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிய பிறகு, வழிகாட்டிப் பையன் பாடம் எடுத்தான். "தண்ணியில விழுந்தா நிக்கக் கூடாது. மல்லாந்து மிதங்க. கால் ரெண்டும் முன்னாடி நீட்டி, மேல தூக்கி இருக்கணும். கால் பாறை இடுக்குல மாட்டினா, தண்ணி ஆளையே அமுக்கிடும்."

மகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படகு கிளம்பியது. இரண்டு கரையிலும் காபித் தோட்டம், நிழல் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நடுநடுவே பள்ளத்தில் நெல் வயல். "நடவு முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும்" என்றார் அப்பா. பத்து நிமிடத்தில் அவர் ஆற்றையும் படிக்க ஆரம்பித்துவிட்டார். "தண்ணி மேடா எழும்புற இடத்துல கீழ கல்லு இருக்கு, விலகு. ரெண்டு பக்கமும் நுரைச்சு, நடுவுல வழுவழுன்னு போகுதுல்ல... அதுதான் வழி."

வழிகாட்டி சிரித்தான். "சார், இதைத்தான் எங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுப்பாங்க!"

"மதகு திறக்கிறப்போ பார்த்ததுதாம்ப்பா."

இரண்டாவது சரிவில் படகு பாறையில் மோதித் திரும்பியது. அந்தக் குலுக்கலில் மகள் தண்ணீரில் விழுந்தாள். இடுப்பளவு ஆழம்தான் இருக்கும். பதற்றத்தில் காலை ஊன்றி எழப் பார்த்தாள்.

"ஊன்றாதே! காலைத் தூக்கு பாப்பா, காலைத் தூக்கு!"

அந்தக் குரலில் அவள் அனிச்சையாக மல்லாந்தாள். தண்ணீரே அவளை அமைதியான பகுதிக்குக் கொண்டுவந்து விட்டது. அப்பா துடுப்பை நீட்டினார். வழிகாட்டி ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டான். முழங்காலில் சின்னச் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அப்பாவின் கைதான் வெகுநேரம் நடுங்கியது.

ஆறு அடங்கி ஓடிய இடத்தில் எல்லோரும் துடுப்பை மடியில் வைத்தார்கள். அப்பா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார். தினமும் பல் துலக்கும் முன்பே மேட்டூர் நீர்மட்டத்தை செல்போனில் பார்ப்பவர் அவர். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறதா என்பதை வைத்துத்தான் அவருடைய வருடமே. பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய 177.25 டி.எம்.சி கணக்கும் அவருக்கு மனப்பாடம்.

"இந்தத் தண்ணி கே.ஆர்.எஸ்-ல நின்னு, மேட்டூர்ல நின்னு, கல்லணையில பிரிஞ்சு, அப்புறம்தான் என் வாய்க்காலுக்கு வரணும் தம்பி. பாதி வருஷம் எங்ககிட்ட வர்றதுக்குள்ள தீர்ந்துபோகும்."

வழிகாட்டி ஒரு வயலைக் காட்டினான். "எங்க வயலும் அந்தப் பக்கம்தான் சார். ஆறு பக்கத்துலயே ஓடுது. ஆனா மழை பெய்ஞ்சாதான் எங்களுக்கு நடவு."

அப்பா அந்த வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். பதில் சொல்லவில்லை.

கரையேறியதும் டீக்கடை. ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். மகள் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அப்பாதான் ஆரம்பித்தார்.

"நீ எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியும். கேளு."

அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. 'தனியா எப்படிப்பா சமாளிப்பீங்க?' என்று கேட்கத்தான் வந்தாள். தண்ணீரில் விழுந்தபோது சமாளிக்கத் தெரியாமல் தவித்தது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனால், அப்பாவின் கை நடுங்கியதையும் அவள் பார்த்திருந்தாள்.

"ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுடறேன்" என்றார் அப்பா. "ஒரு ஏக்கர் எனக்கு வேணும் பாப்பா. அது இல்லாம நான் காலையில எந்திரிச்சு என்ன செய்வேன்?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்து காலண்டரைத் திறந்தாள்.

"சம்பா நடவு எப்போப்பா?"

"நாத்து விட்டுட்டுதானே வந்திருக்கேன். இன்னும் இருபது நாள்ல... தண்ணி வந்தா."

இரண்டு நாள் லீவுக்கு அங்கேயே விண்ணப்பித்தாள். டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால், அப்பா மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.