மோட்டார் ஹோம் வாங்க நினைப்பவர்களுக்கு



பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்குவது குறித்து இம்மாதம் மட்டும் மூன்று குடும்பத்தினர் என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டனர். குருவானவரிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் வியக்கலாம். 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பணியாற்றியவன் நான். இயந்திரங்களோடு எனக்குள்ள பழக்கம் அன்று தொடங்கியது.

கூடார மாட்டுவண்டியில் அரிசியும் பானையும் பாயுமாக மடுவுக்குச் சென்ற நம் முன்னோருக்கு உங்கள் ஆசை நன்கு விளங்கியிருக்கும். அதை நான் குறைகூறவில்லை.

ஆனால் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். மோட்டார் ஹோம் என்பது பாதி வாகனம், பாதி வீடு. ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சான்றிதழ் பிரேக், ரயர், ஸ்டியரிங், விளக்குகள் போன்றவற்றையே பார்க்கிறது. அது 36 நாட்களுக்கே செல்லும், உத்தரவாதமும் அன்று. கூரை ஒழுகுகிறதா என்பதை அது சொல்லாது. அந்த ஒரு தாளைக் கண்டதும் நிம்மதியடைந்து பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் பலர். பழைய மோட்டார் ஹோம்களை அழிப்பது பெரும்பாலும் மழைநீரே. வெயிலிலும் பனியிலும் கூரை இணைப்புகளின் பசை வெடிக்கிறது. உட்புகும் நீர் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை ஓசையின்றி உக்கச் செய்கிறது.

அண்மையில் ஓய்வுபெற்ற தம்பதியர் ஒருவருடன் அத்தகைய வாகனமொன்றைப் பார்க்கச் சென்றேன். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேர்த்த பணம் அது. புதிய திரைச்சீலைகள், நறுமணம், விற்பவரின் இனிய பேச்சு எல்லாம் இருந்தன. கணவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவர், எழுந்திருக்கவே மனமில்லாதவராய் இருந்தார். மனைவியோ படுக்கைக்கு மேலிருந்த அலுமாரியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவினார். “சுவாமி, இது மாரி காலத்தில எங்கட பழைய வீட்டில மணந்த மணம்” என்றார். நான் அவ்விடத்துச் சுவரை விரலால் அழுத்தினேன். நனைந்த பாண் போல் அமிழ்ந்தது. அவர்கள் வாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கணவர் வாய் திறக்கவில்லை. நானும் ஆறுதல் கூற முற்படவில்லை. இப்போது ஒரு வாரத்துக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்க்கத் தீர்மானித்திருக்கின்றனர். முதன்முறை வாங்கும் எவருக்கும் இதையே நான் சொல்வேன்.

பார்க்கப் போவதானால், மழை பெய்த மறுநாள் செல்லுங்கள். கூரையில் ஏறிப் பாருங்கள். தரையின் மூலைகளைக் குதிகாலால் அழுத்துங்கள். நீர் நிரப்பி எல்லாக் குழாய்களையும் திறக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்துக்கு முன் நீரை முறையாக வெளியேற்றாத வாகனத்தில் குழாய்கள் வெடித்திருக்கும். அடுப்பையும் குளிர்சாதனப் பெட்டியையும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ரயரின் பக்கத்தில் DOT குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமல் நின்ற ரயர் புதியது போலவே தோன்றும், ஆனால் இறப்பருக்கும் முதுமை உண்டு. இவற்றுக்கு மறுப்புச் சொல்பவரிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் வாங்கினால், சேர்விஸ் ஒன்ராறியோ 20 டொலருக்கு வழங்கும் பழைய வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் உங்களுக்குத் தரவேண்டும். வாகனத்தின் மீது கடன் நிலுவை உண்டா என்பது அதில் தெரியும். பதிவின்போது 13 வீத வரி தனியே உண்டு. காப்புறுதிக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். வாங்கிய பின் எங்கே நிறுத்துவது? ஸ்காபரோவில் வீட்டு முற்றமெல்லாம் அதற்கு இடமாகிவிடாது. மாநகர விதியை முதலில் விசாரியுங்கள். வீட்டின் மீது மேலதிகக் கடன் எடுத்து வாங்குவதை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

வாகன ஆசீர்வாதத்துக்கு நாள் கேட்பவர்கள், வாங்குவதற்கு முன்னரே ஒரு தடவை அழையுங்கள். ஏணியும் டோர்ச் லைற்றும் என்னிடம் உண்டு.