எஸ்சியா, எஸ்சிஏ-வா?

நைட் டூட்டி முடிஞ்சு எழுதறேன். கொஞ்சம் நீளமான திரெட், பொறுத்துக்கங்க.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். எங்க வார்டுல கான்ட்ராக்ட்ல தூய்மைப் பணி செய்யற அக்கா ஒருத்தர், ரவுண்ட்ஸ் முடியற வரைக்கும் கதவோரமா நின்னுட்டே இருந்தாங்க.

"சார், ஒன்னு கேக்கோணும்ங்க. புள்ளை நர்சிங் சேரோணும்ங்குது. பாரத்துல எஸ்சின்னு போடறதுங்களா, எஸ்சிஏன்னு போடறதுங்களா?"

"சர்டிபிகேட்ல என்னக்கா இருக்கு?"

"ஆதிதிராவிடர்னு இருக்குதுங்க. அவங்கப்பா அப்படித்தான் வாங்குனாரு. நம்ம பேரைப் போட்டா பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு."

அப்புறம் குரலை இறக்கி, "நாங்க அருந்ததியருங்க சார்"னாங்க. ஓபில பால்வினை நோயைச் சொல்ல வர்றவங்க இப்படித்தான் ஒருதடவை கதவைத் திரும்பிப் பாத்துட்டுச் சொல்வாங்க.

தெரியாதவங்களுக்காக: தமிழ்நாட்டுல 69% இடஒதுக்கீட்டுல எஸ்சிக்கு 18%. கோவை, திருப்பூர், ஈரோடுன்னு இந்தக் கொங்குப் பக்கம் அருந்ததியர் அதிகம். ஊர்ல பண்ணை வேலை, செருப்பு வேலை. டவுனுக்கு வந்தா குப்பை, சாக்கடை. அந்த 18%ல இவங்க பிள்ளைங்க கைக்கு வந்தது ரொம்பக் கம்மி. நீதிபதி ஜனார்த்தனம் குழு 2008ல பரிந்துரை கொடுத்து, 2009ல கலைஞர் அரசு சட்டம் போட்டுச்சு. எஸ்சி இடங்களுக்குள்ளயே 3% அருந்ததியருக்கு. அதுதான் எஸ்சிஏ. அது நிரம்பிட்டாலும் மத்த எஸ்சி இடத்துக்குப் போட்டி போடலாம்.

சாதியை அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வுன்னு விளக்குவாரு. மேல, கீழன்னு ரெண்டே தட்டு இல்லை. ஒவ்வொரு படிக்கும் கீழ இன்னொரு படி. அந்த அப்பா பொண்ணோட சர்டிபிகேட்ல ஒரு படி ஏத்தி எழுதிக்கிட்டாரு, அவ்வளவுதான். அவரை எப்படித் தப்பு சொல்றது?

நானே சொல்லிடறேன். நான் ப்ளஸ் டூ முடிச்சது 2009. அந்தச் சட்டம் ஒரு வருசம் தள்ளி வந்திருந்தா எனக்கு எம்பிபிஎஸ் இல்லை. இதைப் பொதுவுல சொல்றது இதுதான் முதல் தடவை.

காலேஜ் சேர்ந்த முதல் வாரம் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டது, "கட் ஆஃப் எவ்ளோ?" மார்க்கா கேக்கறாங்க, சாதி. நான் நாலு மார்க் கூட்டிச் சொன்னேன். கோர்ஸ் முழுக்க அந்தப் பொய்யை ஞாபகம் வெச்சிருக்க வேண்டியதாப் போச்சு. பார்மகாலஜியை விட அதுதான் கஷ்டம். அம்மா போன் பண்ணா மொட்டைமாடிக்கு ஓடிருவேன். எங்க வீட்ல பேசறது தெலுங்கு. நாலு வார்த்தை காதுல விழுந்தாலே எங்க பக்கத்துப் பசங்க கண்டுபிடிச்சிருவாங்க.

இத்தனைக்கும் உள்ள வர்ற கட் ஆஃப்தான் வேற வேற. வெளிய போற பரீட்சை எல்லாருக்கும் ஒன்னு. எங்களுக்குன்னு தனி பாஸ் மார்க் எந்தப் பல்கலைக்கழகத்துலயும் கிடையாது.

'கோட்டா டாக்டர்கிட்ட போகாதீங்க'ன்னு வருசா வருசம் ஒரு பார்வர்டு வரும். அஸ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்கோப்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இந்திய ரயில்வேயோட 1980 முதல் 2002 வரைக்குமான கணக்கை எடுத்து இதே கேள்வியை ஆராய்ஞ்சாங்க. இடஒதுக்கீட்டால உற்பத்தித்திறன் குறைஞ்சதுக்கு ஆதாரமே கிடைக்கலை. பார்வர்டு பண்றவங்க யாரும் அதைப் படிக்கப்போறதில்லை, அது வேற விசயம்.

உள்ஒதுக்கீடு எஸ்சி மக்களைப் பிரிச்சிரும்னு சொல்ற நண்பர்கள் இருக்காங்க. அந்தப் பயத்தை நான் லேசா எடுத்துக்கலை. ஆனா 'ஒன்னா இருக்கலாம்'னு சொல்றப்ப பந்தியில கடைசியா யாரு உக்காந்திருக்காங்கன்னும் பாக்கணும். 2024 ஆகஸ்ட் 1ல ஏழு நீதிபதிகள் அமர்வு 6-1ன்னு உள்ஒதுக்கீடு செல்லும்னு தீர்ப்பு சொன்ன அன்னைக்கு நான் டூட்டில இருந்தேன். யார்கிட்டயும் சொல்லிச் சந்தோசப்பட முடியலை. பாத்ரூம் போய் முகம் கழுவிட்டு வந்தேன்.

3% சீட்டு கொடுத்துச்சு. அந்தப் பேரைச் சத்தமாச் சொல்ற தைரியத்தைச் சட்டம் கொடுக்க முடியாது போல. இன்னொன்னு: நான் வேலை பாத்த இடத்துல எல்லாம் டாக்டர் லிஸ்ட்ல எங்காளுங்களைத் தேடணும். தூய்மைப் பணி லிஸ்ட்ல தேடவே வேண்டாம்.

அக்காகிட்ட வர்றேன். "எஸ்சிஏன்னு மாத்திருங்கக்கா. இ-சேவைல மனு போட்டு, உங்க வீட்டுக்காரரோட அண்ணன், தம்பி யாராச்சும் சர்டிபிகேட் இருந்தா அதையும் எடுத்துட்டு தாசில்தார் ஆபீஸ் போங்க"ன்னேன்.

"புள்ளை மாட்டேங்குதுங்க. காலேஜ்ல லிஸ்ட் ஒட்டுவாங்களாமா, எல்லாரும் பாப்பாங்களாமா. உங்களுக்கு அதெல்லாம் எங்க சார் தெரியப்போவுது."

நான் தெலுங்குல பதில் சொன்னேன்.

மாப்பைச் செவுத்துல சாத்திட்டு என்னையே பாத்தாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. அவிநாசிப் பக்கம், ஊர் பேரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, வளவுலயா?"

"வளவுலதாங்க்கா."

அடுத்த நாள் அந்தப் புள்ளையையே கூட்டிட்டு வந்துட்டாங்க. அரை மணி நேரம் பேசினோம். பாதி நேரம் அது என் கட் ஆஃப் பொய்யைக் கேட்டுச் சிரிச்சுட்டு இருந்துச்சு. மனு போட்டாச்சு. கவுன்சிலிங்குக்குள்ள சர்டிபிகேட் கைக்கு வரணும்.